துவாஸின் கேள்வியை யார் கேட்பது?

நாடாளுமன்றம் கூடி முடிந்த வாரத்தில் உங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு காணொளி இருக்கும். அவர் அவையில் எழுந்து நின்று பேசுவார். கீழே எழுத்துகள் ஓடும். இந்த அமர்வில் தாம் எழுப்பிய கேள்விகள், பேசிய மசோதா, அமைச்சர் சொன்ன பதில் என்று ஒரு சுருக்கம் வரும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்ற வரியுடன் முடியும். நம்மில் பலர் அதை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஒப்புக்கொள்கிறேன், நானும்தான்.

அந்த ஒன்றரை நிமிடக் காணொளிக்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய கடமை. உங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு அவைக்குப் போனவர், திரும்பி வந்து அங்கே என்ன செய்தார் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இந்தப் பழக்கத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1955ல் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டேவிட் மார்ஷல்தான் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளைத் தொடங்கிவைத்தார். இன்றும் புளோக்கின் கீழ்த்தளத்தில் நெகிழி நாற்காலிகள் போட்டு, வரிசை எண் கொடுத்து, இரவு வெகு நேரம் வரை அது நடக்கிறது.

இப்போது கிழக்கு மேற்கு ரயில் பாதையில் ஏறி, மேற்குக் கோடி வரை போங்கள். ஜூ கூனுக்கு அப்பால் குல் சர்க்கிள், துவாஸ் கிரசெண்ட், துவாஸ் வெஸ்ட் ரோடு, துவாஸ் லிங்க் என நான்கு நிலையங்கள். 2017 ஜூன் 18ஆம் தேதி திறக்கப்பட்டவை. கடைசி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், ஆலைகள், கிடங்குகள், லாரிகள், ஊழியர் தங்கும் விடுதிகள். ஒருகாலத்தில் இங்கே மீனவக் கிராமம் இருந்தது. தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்கவிட்டு, அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீன்களைப் பிடித்த மலாய் மீனவர்களின் முறையிலிருந்தே துவாஸ் என்ற பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. இன்று இங்கே வீவக புளோக் இல்லை. எனவே கீழ்த்தளமும் இல்லை, அங்கே போடுவதற்கு நெகிழி நாற்காலிகளும் இல்லை.

ஆனால் நாடாளுமன்றத்தில் துவாஸின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம், 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் திறன் பெறும். இரண்டாம் இணைப்புப் பாலம், குப்பை எரியாலை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் இங்கேதான். வேலையிட விபத்து, ஊழியர் தங்குமிடம், லாரிப் பயணம் என்று பேச்சு வந்தாலும் துவாஸ் உள்ளே வந்துவிடும். அமர்வு முடிந்த பிறகு அந்தச் சுருக்கத்தை யார் துவாஸுக்குக் கொண்டுவந்து சொல்வார்கள்?

தலையை எண்ணுவதா, வாக்கை எண்ணுவதா

முதலில் ஒரு கணக்கு. 2024 ஜூன் மாத நிலவரப்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 6.04 மில்லியன். அவர்களில் 1.86 மில்லியன் பேர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 2.75 மில்லியன் பேர். அவர்கள் தேர்ந்தெடுத்தது 97 உறுப்பினர்களை. சராசரியாக ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 28,000 வாக்காளர்கள்.

தொகுதி எல்லைகளை வரையும்போது இங்கே எண்ணப்படுவது வாக்காளர்கள். அந்த வாக்காளரும் தம் அடையாள அட்டையில் உள்ள வீட்டு முகவரியின்படி பட்டியலில் சேர்க்கப்படுகிறார். வேலை பார்க்கும் இடத்தின்படி அன்று. இரண்டாவதாகச் சொன்னதை அப்படியே கடந்துவிடாதீர்கள். துவாஸில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு சிங்கப்பூரர் செங்காங்கில் குடியிருந்தால், அவருடைய உறுப்பினர் செங்காங்கின் உறுப்பினர். அவர் பக்கத்தில் நின்று அதே இயந்திரத்தை ஓட்டும் தமிழ்நாட்டு ஊழியருக்கோ பங்ளாதேஷ் ஊழியருக்கோ இங்கே உறுப்பினர் என்று யாருமில்லை. நிலமாகப் பார்த்தால் துவாஸ் ஏதோ ஒரு தொகுதியின் எல்லைக்குள் இருக்கிறது. ஆட்களாகப் பார்த்தால் அதன் வாக்காளர்கள் தீவு முழுவதும் சிதறியிருக்கிறார்கள், மற்றவர்கள் பட்டியலிலேயே இல்லை.

உலகில் எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே மாநிலச் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள்களுக்கு வழக்கமாகக் கூடும். அதனால் அமர்வு முடிந்ததும் உறுப்பினர் தம் தொகுதிக்குத் திரும்பி, எந்த மசோதா நிறைவேறியது, எது செத்தது என்று விவரமாக எழுதி அனுப்புவது அங்கே வழக்கம். அந்த உறுப்பினரின் தொகுதியை எப்படி வரைவது என்பதில்தான் சண்டை. வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை மட்டும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று அம்மாநிலத்தவர் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். எவன்வெல் எதிர் அபோட் என்ற அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொகுதி வரையலாம் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். பிள்ளைகள், குடியுரிமை இல்லாதவர்கள் என்று வாக்கில்லாதவர்களுக்கும் சாலை, பள்ளி, பாதுகாப்பு எல்லாவற்றிலும் அக்கறை உண்டு. உறுப்பினர் அவர்களுக்கும் சேர்த்தே வேலை செய்கிறார் என்பது அதன் சாரம்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை அனுமதிச் சீட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிறவரும் டெக்சஸில் குடும்பத்தோடு தலைமுறையாக இருப்பவரும் ஒன்றல்ல. தற்காலிகமாக வந்து வேலை செய்பவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கொடுக்கும் நாடுகள் மிகச் சில. ஆனால் வாக்கு யாருக்கு என்பது ஒரு கேள்வி. உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

சரி, அந்த ஊழியருக்கு ஊரிலாவது உறுப்பினர் இருக்கிறாரே என்று கேட்கலாம். அறந்தாங்கியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வந்தவருக்கு அங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினர் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள இந்தியச் சட்டம் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வழிசெய்தது. ஆனால் வாக்களிக்க நேரில் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும். ஒரு நாள் வாக்குக்காக விமானச்சீட்டு எடுத்துப் போகிற ஊழியர் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படியே போனாலும், சென்னையில் கூடும் சட்டமன்றத்தால் துவாஸ் ஆலையின் பாதுகாப்பு விதியைத் தொட முடியாது. தொடக்கூடிய அவையோ நார்த் பிரிட்ஜ் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே அவருக்கு வாக்கு இல்லை.

ஒரு வெடிப்பு அவைக்குப் போன வழி

2021 பிப்ரவரி 24, காலை 11 மணியைத் தாண்டிய நேரம். துவாஸ் அவென்யூ 11ல் உள்ள ஒரு பட்டறையில் வெடிப்பு. தீத்தடுப்புப் பொருள்கள் தயாரிக்கும் இடம் அது. மூவர் இறந்தார்கள், எழுவர் காயமடைந்தார்கள். இறந்த மூவரும் இந்தியாவிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள்.

காரணத்தைக் கேட்டால் வேதியியல் படிக்கும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அங்கே ஒரு கலவை இயந்திரம். அதன் வெளிச்சுவருக்குள் எண்ணெய் நிரப்பிச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கலவை வேகும். எண்ணெய் இருந்த உறைக்குள் அழுத்தம் ஏறி அது பிளந்தது. வெளியே பீறிட்ட எண்ணெய் வெடித்துத் தீயானது. அதன் பிறகு, பட்டறையில் இருந்த உருளைக்கிழங்கு மாவுத்தூள் காற்றில் கிளம்பிப் பற்றிக்கொண்டது. மாவு எரியுமா என்று கேட்காதீர்கள். மிக நுண்ணிய தூளாகக் காற்றில் பரவினால், ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருப்பதால், மாவும் சர்க்கரையும்கூட வெடிமருந்து போலாகிவிடும்.

சம்பவத்துக்குப் பிறகு, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் மூத்த மாவட்ட நீதிபதி ஓங் ஹியன் சன். 2021 செப்டம்பரில் பொது விசாரணை தொடங்கியது. இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவு முன்பே பலமுறை ஏற்பட்டிருந்தது அங்கே வெளிவந்தது. எரியக்கூடிய தூளைக் கையாளும் இடங்களுக்குக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும், இத்தகைய இயந்திரங்களைச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்ற திசையில் குழுவின் பரிந்துரைகள் அமைந்தன.

அடுத்த ஆண்டு இன்னும் மோசமானது. 2022ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் வேலையிடங்களில் 36 பேர் இறந்தார்கள். மனிதவள அமைச்சு செப்டம்பர் 1 முதல் உயர் பாதுகாப்புக் காலத்தை அறிவித்தது. கடும் குறைபாடு கண்ட நிறுவனம் மூன்று மாதம் வரை புதிய வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க முடியாது. தலைமை நிர்வாகி அமைச்சுக்கு நேரில் விளக்கம் தர வேண்டும். அது 2023 மே 31 வரை நீடித்தது. ஆண்டு முடிவில் 2022ன் எண்ணிக்கை 46. 2023ல் அது 36 ஆகக் குறைந்தது, அதாவது 100,000 ஊழியருக்கு 0.99. 2024ல் மறுபடி 43, விகிதம் 1.2. 2024 ஜூன் 1 முதல் பாதுகாப்பு விதிமுறைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளிக்கு உயர்ந்தது. 5 மில்லியன் வெள்ளிக்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கண்காணிப்புக் கேமராவும் கட்டாயமானது.

இந்த எண்களுக்கு நடுவே நாடாளுமன்றம் எங்கே இருந்தது? கேள்வி நேரத்தில், பட்ஜெட் விவாதத்தில், மசோதா விவாதத்தில் வேலையிடப் பாதுகாப்பு திரும்பத் திரும்ப வந்தது. தொழிற்சங்க இயக்கத்தைச் சேர்ந்த ரேடின் மாஸ் உறுப்பினர் மெல்வின் யோங் இதை விடாமல் பேசியவர்களில் ஒருவர். ரேடின் மாஸ் எங்கே, துவாஸ் எங்கே! தீவின் தெற்கில் ஒன்று, மேற்குக் கோடியில் ஒன்று. துவாஸின் கேள்வி அவைக்குள் போகும் வழி இப்படித்தான். தொகுதி வழியாகப் போகாமல், தொழிற்சங்கத்தின் வழியாக, அக்கறை கொண்ட ஏதோ ஒரு தொகுதியின் உறுப்பினர் வழியாக, விசாரணைக் குழுவின் வழியாக, 1990 முதல் இருந்துவரும் நியமன உறுப்பினர்களின் வழியாகப் போகிறது.

லாரிப் பயணமும் அப்படியே. 2021 ஏப்ரல் 20 விடியற்காலையில், துவாஸை நோக்கிச் செல்லும் தீவு விரைவுச்சாலையில், ஊழியர்கள் 17 பேரை ஏற்றிச் சென்ற லாரி நின்றிருந்த ஒரு கனரக வாகனத்தின் மீது மோதியது. இருவர் இறந்தார்கள். லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றலாமா என்பதை அவையில் தொடர்ந்து கேட்டவர்களில் முக்கியமானவர் அப்போதைய நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினர் லூயிஸ் இங். நீ சூனோ வடக்கே இருக்கிறது. அரசாங்கத்தின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அமைச்சுகள் கூட்டாக வெளியிட்ட விளக்கத்தில், உடனே தடை விதித்தால் சிறு நிறுவனங்கள் சில தாக்குப்பிடிக்க முடியாமல் போகலாம், வீடமைப்பு, ரயில் போன்ற திட்டங்கள் தாமதமாகலாம், செலவு கூடலாம் என்று சொல்லப்பட்டது. அந்த வீட்டுக்குக் காத்திருப்பவர் வாக்காளர். லாரியில் போகிறவர் வாக்காளர் அல்லர். இருவருமே மனிதர்கள், இருவருக்கும் உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் உறுப்பினரின் காணொளிக்குக் கீழே கருத்து எழுதி, அடுத்த தேர்தலில் அதை நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் மட்டுமே. இதற்காக யார் மேலும் பழி போட நான் வரவில்லை. தராசு எந்தப் பக்கம் தானாகச் சாயும் என்பதைத்தான் காட்டுகிறேன்.

சுருக்கத்தை எப்படிப் படிப்பது

உறுப்பினரின் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால்தான் அதில் என்ன இல்லை என்பதும் தெரியும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். "நான் குரல் கொடுத்தேன்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல வேறுபட்ட செயல்கள் ஒளிந்திருக்கும்.

கேள்வி என்றால், வழக்கமாக ஏழு முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்துக் கேட்பது. ஓர் அமர்வு நாளுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம், அவற்றில் மூன்றுக்குத்தான் வாய்மொழிப் பதில். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் வராதவற்றுக்குப் பெரும்பாலும் எழுத்துமூலப் பதில் வரும். அதில் சுவாரசியமான பகுதி துணைக் கேள்வி. முதல் பதில் எழுதித் தயாரித்தது. துணைக் கேள்விக்கு அமைச்சர் அங்கேயே யோசித்துச் சொல்ல வேண்டும். ஒரு விவகாரத்தில் அரசாங்கம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

ஒத்திவைப்புத் தீர்மானம் வேறு. அன்றைய அலுவல் முடியும் நேரத்தில் உறுப்பினர் 20 நிமிடம் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவார், அமைச்சுத் தரப்பு 10 நிமிடம் பதில் சொல்லும், வாக்கெடுப்பு கிடையாது. அவையில் ஆள் குறைவாக இருக்கும். ஆனால் யாருக்கும் வாக்கு தராத ஒரு பிரச்சினையை ஒருவர் முழுமையாக விளக்கிப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு பட்ஜெட்டையொட்டி அமைச்சுவாரியாக நடக்கும் செலவு ஒதுக்கீட்டு விவாதம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓர் அமைச்சைக் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர், அந்த அமைச்சின் பல மில்லியன் வெள்ளி ஒதுக்கீட்டிலிருந்து 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவருவார். பேசி முடித்துப் பதில் வாங்கியதும் திருத்தத்தை மீட்டுக்கொள்வார். 100 வெள்ளி யாருக்கும் நட்டமில்லை. பேசுவதற்கான நுழைவுச்சீட்டு அது.

சட்டம் இயற்றினேன் என்று ஒரு சாதாரண உறுப்பினர் சொன்னால் மட்டும் ஒரு நொடி நிறுத்துங்கள். இங்கே மசோதாக்களை ஏறக்குறைய எப்போதும் அமைச்சர்களே கொண்டுவருகிறார்கள். தனி உறுப்பினர் கொண்டுவந்து சட்டமானவை மிகச் சில. நியமன உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 1995ல் நிறைவேறியது, அவற்றில் முதலாவது. இன்னொன்று நம் விஷயத்துக்கு நெருக்கமானது. ஹாலந்து-புக்கிட் தீமா உறுப்பினர் கிறிஸ்டஃபர் டிசூசா கொண்டுவந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், 2014 நவம்பரில் நிறைவேறியது. அந்தச் சட்டம் காக்கும் ஆள்களில் பெரும்பாலோர் அவருக்கு வாக்களிக்க முடியாதவர்களாகவே இருப்பார்கள். ஆகவே முடியாது என்று சொல்வதற்கில்லை. அரிது, அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும் சரிபார்க்க இடம் இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து அமர்வுகள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. ஹன்சார்ட் எனப்படும் அதிகாரபூர்வப் பதிவை நாடாளுமன்ற இணையத்தளத்தில் சொல்லை இட்டுத் தேடலாம். அவையில் நான்கு மொழிகளிலும் பேசலாம், தமிழில் ஆற்றிய உரைகளும் அங்கே பதிவாகின்றன. பொது அறிவுக் கட்டுரைக்கோ திட்டப்பணிக்கோ பொருள் தேடுபவர்கள், ஆங்கிலத்தில் துவாஸ் என்று தட்டிப் பாருங்கள். துறைமுகம், சோதனைச்சாவடி, எரியாலை, வெடிப்பு, விடுதி என்று இருபது முப்பது ஆண்டு வரலாறு வரிசையாக வரும். கேட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள தொகுதியையும் குறித்துக்கொண்டே போங்கள். அதுவே ஒரு நல்ல திட்டப்பணியாகிவிடும்.

யாரிடம் திரும்பி வருவது

இதுவரை சொன்னதை வைத்து, வாக்கில்லாவிட்டாலும் துவாஸின் குரல் அவைக்குப் போய்விடுகிறதே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். இரண்டு குறைகள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, அது தாமதமாகப் போகிறது. தொகுதியில் மின்தூக்கி இரண்டு முறை நின்றால் மக்கள் சந்திப்பில் ஐம்பது பேர் வந்து சொல்வார்கள். மூன்றாவது முறை நிற்பதற்குள் உறுப்பினர் கடிதம் எழுதிவிடுவார். துவாஸ் பட்டறையில் எண்ணெய் கசிந்தபோது அந்தச் செய்தியைக் கொண்டுபோக அப்படி ஒரு புதன்கிழமை இரவு இல்லை. ஊழியர் அமைச்சிடம் புகார் சொல்லலாம், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை நாடலாம், அரசு சாரா அமைப்புகளை அணுகலாம். வழிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும்போது புகார் சொல்வது வேறு, வாக்காளராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது வேறு. அதனால் துவாஸின் செய்தி அவைக்கு வரும்போது பெரும்பாலும் மரணச் செய்தியாக வருகிறது. லிட்டில் இந்தியாவிலும் இதைப் பார்த்தோம். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகுதான் விசாரணைக் குழு, மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெரிய விடுதிகளுக்கான உரிமச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. கடைசி இரண்டும் 2015 ஜனவரியில் நிறைவேறின.

இரண்டாவது, பதில் திரும்பி வருவதில்லை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேலையிடப் பாதுகாப்பைப் பற்றி அமைச்சர் சொன்ன பதிலை ரேடின் மாஸ் உறுப்பினர் ரேடின் மாஸ் குடியிருப்பாளர்களிடம் சொல்வார். அது அவர் கடமை, சரியாகவே செய்கிறார். ஆனால் அந்தப் பதில் யாருடைய கையையும் காலையும் பற்றியதோ, அவர் துவாஸ் விடுதியில் இரவு எட்டு மணிக்குச் சமையலறை வரிசையில் நிற்கிறார். உச்ச அபராதம் 50,000 வெள்ளி என்பது அவருக்குத் தெரிந்தால், பழுதான இயந்திரத்தைப் பற்றி மேற்பார்வையாளரிடம் பேசும்போது அவர் குரலில் ஒரு பிடி இருக்கும். சட்டத்தை இயற்றும் அவை தனக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் அதை விளக்கிவிட்டு நின்றுவிட்டால், சட்டத்தின் பாதி வேலை நடக்காமலேயே போகிறது.

துவாஸ் வியூ விடுதி 2014ல் திறந்தது. 16,800 படுக்கைகள், திரையரங்கு, கடைகள் எல்லாம் உண்டு. ஒரு தனித்தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஒரே மதில் சுவருக்குள். ஓர் உறுப்பினர், எந்தத் தொகுதிக்காரராக இருந்தாலும் சரி, அமர்வு முடிந்த வாரம் அங்கே போய் இன்ன கேள்வி கேட்டேன், இன்ன பதில் வந்தது என்று அரை மணி நேரம் சொல்வதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. தமிழிலும் வங்காளத்திலும் எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படும். மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அப்படிப் போகிற உறுப்பினருக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அடுத்த கேள்வி அங்கேயே கிடைக்கும், யாரும் சாவதற்கு முன்பே.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது. விடுதி உரிமச் சட்டம் முதலில் 1,000 படுக்கையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான் பொருந்தியது. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு படுக்கை உள்ள விடுதியும் அதற்குள் வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு இன்னொன்றையும் அறிவித்தது. பழைய விடுதிகள் 2027க்கும் 2030க்கும் இடையில் படிப்படியாக மேம்பட வேண்டும். ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரு சராசரி வகுப்பறைக் கதவைத் தரையில் படுக்கவைத்து, அதுபோல இரண்டு சேர்த்தால் வரும் அளவு. எத்தனை விடுதிகள் தயாராகிவிட்டன, வேலை நடக்கும்போது அங்கிருப்பவர்கள் எங்கே தங்குவார்கள், அதற்கான செலவு யார் தலையில் விழும் என்று யாராவது ஓர் உறுப்பினர் ஏழு நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுத்துக் கேட்பார். அந்த வாரக் காணொளி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், கருத்துப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பதிலைத் துவாஸில் யாரிடம் சொன்னீர்கள்?